பாப் ஹூவருக்காக ஒரு மாலை: நினைவுகூர்வது எப்படி

ஆண்டுதோறும் அக்டோபர் 25 அன்று மாலை எங்கள் வீட்டு மேசையில் ஒரு கூஜா நிறையக் குளிர்ந்த தேநீர் இருக்கும். சர்க்கரை போடாத தேநீர். சர்க்கரை சேர்த்தால் சிந்திய இடமெல்லாம் பிசுபிசுக்கும். கீழே நான் சொல்லப்போகிற காரியத்தில் எப்படியும் கொஞ்சம் சிந்தும். 2016-ஆம் ஆண்டு இந்தத் தேதியில்தான் பாப் ஹூவர் தம்முடைய 94-ஆவது வயதில் காலமானார். அமெரிக்காவின் விமான சாகசக் காட்சிகளில் அரை நூற்றாண்டுக் காலம் கூட்டத்தை அண்ணாந்து பார்க்க வைத்தவர்.

நான் விமானி அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் பராமரிப்பில் இருந்தவன். எஞ்சினை ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு, ஓடுகிற இரண்டு எஞ்சின்களையும் வேண்டுமென்றே அணைத்துவிட்டு வானத்தில் கோலம் போட்ட மனிதர் மீது எப்படி இவ்வளவு பற்று வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் பறந்ததைச் சரியாகப் பார்க்கத் தெரிந்துகொண்டதுதான் காரணம். அப்படிப் பார்க்கவும், பார்த்ததைக் கையால் செய்து பார்க்கவும், வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் ஒரு மாலை போதும். அந்த மாலையை எப்படி அமைத்துக்கொள்வது என்று எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாகச விமானி என்றதும் "உயிரைத் துச்சமாக மதித்தவர்" என்று தொடங்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அந்தச் சொல்லைத் தவிருங்கள். விமானம் கடைசியில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்ட பிறகே ஹூவர் எஞ்சினை அணைத்தார். உயிரைத் துச்சமாக மதிக்கிறவன் அந்தக் கணக்கைப் போடமாட்டான்.

தேவையானவை: காணொளி பார்க்க ஒரு திரை, தேநீர், உடையாத ஒரு டம்ளர், ஒரு தட்டு, கொஞ்சம் உறுதியான கயிறு, மோட்டார் இல்லாத ஒரு பொம்மைக் கார், ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை, ஒரு நாணயம், ஒரு பென்சில், ஒட்டுவதற்குக் காகிதம். வெளியே கொஞ்சம் திறந்த இடம் இருந்தால் நல்லது. கூட ஒரு குழந்தை இருந்தால் மிகவும் நல்லது.

முதலில் பாருங்கள், சத்தம் இல்லாமல்

ஹூவரின் காட்சிகள் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றையும் தேட வேண்டாம். ஷ்ரைக் கமாண்டர் விமானத்தில் அவர் செய்த, எஞ்சின் அணைந்த நிலைக் காட்சி ஒன்று. அதே விமானத்தின் உள்ளிருந்து எடுத்த, தேநீர் ஊற்றும் காட்சி ஒன்று. இந்த இரண்டு போதும்.

ஷ்ரைக் கமாண்டர் என்ன மாதிரி விமானம் என்று தெரிந்தால்தான் பார்ப்பதில் சுவை இருக்கும். நிறுவன அதிகாரிகள் கூட்டத்துக்குப் போய்வருவதற்காகச் செய்யப்பட்ட விமானம் அது. இறக்கை உடலின் மேற்பகுதியில் இருக்கும். அதில் தலா 290 குதிரைத்திறன் கொண்ட இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள். சாகசத்துக்காகப் பிறந்த சின்னஞ்சிறு பிட்ஸ் விமானங்களோடு ஒப்பிட்டால் இது குடும்பத்தோடு பயணம் போகிற வண்டி. ஹூவரும் அதற்கேற்றாற்போல் கோட்டும் சூட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அகன்ற விளிம்புள்ள வைக்கோல் தொப்பியோடு வந்து ஏறுவார். அலுவலகத்துக்குப் புறப்பட்ட ஒருவர், போகிற வழியில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனதைப் போல இருக்கும்.

முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் குரல் உங்களை வியக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், அது வேண்டாம். கண்ணை ப்ரொப்பெல்லர்களின் மீது வையுங்கள். எஞ்சினை அணைத்ததும் அவை மெல்லச் சுழன்று நின்றுவிடும். நின்ற பிறகு தகடுகள் எப்படித் திரும்பியிருக்கின்றன என்று கவனியுங்கள்: கத்தியின் விளிம்பு போல, காற்றைப் பார்த்தபடி. இதை ஃபெதர் செய்வது என்பார்கள். தகடுகள் பழைய கோணத்திலேயே நின்றிருந்தால் காற்றுக்குப் பெருந்தடையாக இருந்து விமானத்தைப் பின்னால் இழுக்கும். விளிம்பைத் திருப்பிவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து வரும் எல்லாமே இந்த ஒரு திருப்பத்தை நம்பித்தான் நடக்கின்றன.

பிறகு வரிசையாக: மேலேறிக் கவிழ்ந்து கீழே வரும் ஒரு முழு வளையம், எட்டு இடங்களில் நின்று நின்று சுழலும் ஓர் உருளல், ஓடுதளத்தை நோக்கி அரைவட்டத் திருப்பம், தரையிறக்கம். தரையிறங்கும்போது இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒன்றாகத் தொடாது. முதலில் ஒரு பக்கம் தொடும், பிறகு மறுபக்கம். அதற்கப்புறம் எஞ்சினைத் தொடாமலே உருண்டு வந்து, கூட்டத்தின் முன்னால் தாம் குறித்த இடத்தில் நிற்பார்.

இரண்டாவது முறை ஒலியோடு பாருங்கள். எஞ்சின் ஓசை அடங்கிய பிறகு எஞ்சுகிற காற்றின் சீறலைக் கேளுங்கள். நல்ல பதிவாக இருந்தால் விமானம் தலைக்கு மேலே போகும்போது அந்தச் சீறல் ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்கும். எஞ்சினோடு வாழ்ந்த என் காதுக்கு அந்த அமைதி முதலில் பயத்தைத்தான் தந்தது. இப்போது அந்தச் சீறலைக் கேட்டே விமானம் வேகம் கூட்டுகிறதா, இழக்கிறதா என்று சொல்லிவிடுவேன். உங்களாலும் மூன்றாவது முறை பார்க்கும்போது முடியும்.

தேநீர்

இரண்டாவது காணொளியில் விமானம் பக்கவாட்டில் முழுதாக ஒரு சுற்று சுழல்கிறது. ஹூவர் ஒரு கையால் விமானத்தைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் கண்ணாடி டம்ளரில் தேநீர் ஊற்றுகிறார். கேமராவைக் கை மறைத்துவிடக்கூடாது என்பதற்காகப் புறங்கையாக ஊற்றுகிறார். ஜன்னலில் பூமி மேலே வந்து போகிறது. தேநீரோ டம்ளருக்குள் நேராக விழுகிறது.

இது கண்கட்டு வித்தை என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. டம்ளரில் இருக்கும் தேநீருக்கு வானம் எது, பூமி எது என்று தெரியாது. டம்ளரின் அடிப்பகுதி எந்தத் திசையில் தன்னைத் தாங்குகிறதோ அதுதான் அதற்குக் கீழ். பெரிய பீப்பாய் ஒன்று படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்சுவரை ஒட்டிச் சுருள்கம்பி போல விமானம் முன்னேறுகிறது. சக்கரங்கள் எப்போதும் சுவர்ப் பக்கம், விமானியின் தலை எப்போதும் பீப்பாயின் நடுப்பக்கம். பாதையின் வளைவைச் சரியாக வைத்துக்கொண்டால், தலைகீழாக இருக்கும் கணத்திலும் இருக்கை அவரைத் தாங்கிக்கொண்டே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இருக்கிற எடைதான் அவருக்கும் ஏறக்குறைய இருக்கும்.

இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். தட்டின் விளிம்பில் சம தூரத்தில் மூன்று துளைகள் போட்டு, தலா 40 செ.மீ. நீளமுள்ள கயிறுகளைக் கட்டி, மேலே ஒன்றாக முடிச்சுப் போடுங்கள். நடுவில் டம்ளரை வைத்துப் பாதியளவு தேநீர் ஊற்றுங்கள். வெளியே போய், முன்னும் பின்னுமாக ஊசலாட்டி, வீச்சைக் கூட்டிக்கொண்டே போய், தயங்காமல் ஒரு முழுச் சுற்று சுழற்றுங்கள். தயக்கம்தான் தேநீரைக் கொட்டும். கையும் கயிறும் சேர்ந்து வட்டத்தின் ஆரம் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். அந்த அளவுக்கு, ஒரு சுற்று இரண்டு நொடிக்கு மேல் போனால் உச்சியில் தேநீர் தலையில் விழும். ஒன்றரை நொடிக்குள் முடித்தால் ஒரு சொட்டும் விழாது.

என் பேத்தி பத்து வயதில் இதை முதன்முதலாகச் செய்தாள். சுற்றுவதில் அவளுக்குச் சிரமமே இல்லை; ஐந்தாறு சுற்று அழகாகச் சுற்றினாள். பிறகு "போதும்" என்று சட்டென நிறுத்தினாள். டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதி, அவள் முன்தலை முடியிலிருந்து தேநீர் சொட்டியது. "சுற்றும்போது சிந்தவே இல்லையே, தாத்தா" என்றாள் நம்ப முடியாமல். ஆம், எல்லோருக்கும் நிறுத்தும்போதுதான் சிந்தும். வழி இதுதான்: கடைசிச் சுற்றில் தட்டு கீழிருந்து முன்னால் ஏறும்போது அதன் கூடவே இரண்டடி முன்னால் நடந்து போங்கள். வீச்சு தானாகக் குறையட்டும். அதன் வேகம் தீரும் இடத்துக்கு உங்கள் கை போய்ச் சேர வேண்டும். அவள் மூன்றாவது முயற்சியில் கற்றுக்கொண்டாள்.

கயிற்றில் சுற்றும்போது அடிப்பகுதியில் தட்டு கையைக் கனமாக இழுப்பதை உணர்வீர்கள். அங்கே தேநீரின் எடை இரண்டு மடங்குக்கும் மேல். ஹூவரின் விமானத்தில் அப்படி இழுத்தால் ஊற்றுகிற கை தாழ்ந்துவிடும், தாரை தவறிவிடும். ஆகவே அவர் அந்தச் சுற்று முழுவதையும் எடை கூடாமல், குறையாமல், மென்மையாகப் பறந்தாக வேண்டும். தலைகீழாகப் போவது அந்தக் காட்சியில் எளிய பகுதி. கடினமானது அந்த மென்மை.

பென்சில் விமானம்

சாகச விமானிகள் பறப்பதற்கு முன்னால் தரையில் நடப்பார்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளங்கையை விமானமாக்கி, நிகழ்ச்சி முழுவதையும் அடி அடியாக நடந்து பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஏதோ நடனம் போலத் தெரியும். அவர்களுக்கு அது பாடம் ஒப்பிப்பது.

ஹூவரின் எட்டு நிறுத்த உருளலை நீங்களும் நடந்து பாருங்கள். மணிக்கட்டு முழுச் சுற்று திரும்பாது என்பதால் ஒரு பென்சிலில் காகித இறக்கை ஒட்டிக்கொள்ளுங்கள். நேராக நடந்துகொண்டே, 45 பாகைக்கு ஒரு முறை சட்டென நிறுத்தி, மீண்டும் திருப்புங்கள். எட்டு நிறுத்தங்களில் சுற்று முடிய வேண்டும். பென்சிலின் முனை மட்டும் எதிரே ஒரு புள்ளியை விட்டு விலகக்கூடாது. அந்தப் புள்ளியைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள்.

முனை ஏன் விலகும் என்று குழந்தை கேட்டால்: இறக்கைகள் தரைக்குச் செங்குத்தாக நிற்கும் நிறுத்தத்தில் அவை விமானத்தை மேலே தூக்காது. மூக்கு கீழே சாயத் தொடங்கும். அதைக் காலால் வால்சுக்கானை மிதித்துத் தாங்க வேண்டும். தலைகீழ் நிறுத்தத்தில் கைப்பிடியை முன்னால் தள்ளித் தாங்க வேண்டும். இடையில் உள்ள நிறுத்தங்களில் காலும் கையும் பாதிப் பாதி. இத்தனை திருத்தமும் காற்றுத் தடையைக் கூட்டும், வேகத்தைத் தின்னும். எஞ்சின் ஓடினால் தின்றதை அது ஈடுகட்டும். அவருக்கு எஞ்சின் இல்லை. வளையத்தை முடித்தபோது கையில் என்ன வேகம் இருந்ததோ அதிலிருந்துதான் இந்த எட்டு நிறுத்தங்களுக்கும், திருப்பத்துக்கும், தரையிறக்கத்துக்கும், தரையில் உருண்டு வருவதற்கும் செலவழிக்க வேண்டும்.

நாணயத்தில் நிற்கும் கார்

இந்த மாலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பலகையின் ஒரு முனையைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வையுங்கள். கீழ் முனையிலிருந்து தரையில் இரண்டு மீட்டர் தள்ளி நாணயத்தை வையுங்கள். பொம்மைக் காரைப் பலகையில் ஏதாவது ஓர் உயரத்தில் வைத்து, தள்ளாமல் விட வேண்டும். காரின் முன்பக்கம் நாணயத்தைத் தொட்டு நிற்க வேண்டும். தாண்டினாலும் தோல்வி, முன்னாலேயே நின்றாலும் தோல்வி.

இங்கே காரின் உயரம்தான் அதன் பணம். பலகையில் இறங்கும்போது உயரம் வேகமாக மாறுகிறது. தரையில் உராய்வு அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிக்கிறது. விமானத்திலும் இதே கதைதான், அங்கே இரு பக்கமும் மாற்றிக்கொள்ளலாம். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகும் விமானம், காற்றுத் தடையே இல்லையென்றால், அந்த வேகத்தை முழுவதும் கொடுத்து ஏறக்குறைய 350 மீட்டர் ஏறலாம். வேகம் பாதியாகி 150 கி.மீ. ஆனால் பாதி உயரம் கிடைக்காது; கால் பங்குதான், 90 மீட்டருக்கும் குறைவு. வேகம் குறையக் குறையக் கையிருப்பு அதைவிட விரைவாகக் கரைகிறது. உண்மையில் காற்றுத் தடையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால் இந்தக் கணக்கும் மேல்வரம்புதான். கையில் கணக்குப் பொறி இல்லாமல், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் சேர்த்து, ஹூவர் இதை உடம்பாலேயே கணக்கிட்டார்.

முதல் பத்து முயற்சிகளில் பெரும்பாலும் கார் நாணயத்தைத் தொடாது. தொட்ட பிறகு தரையை மாற்றுங்கள்: ஒரு விரிப்பைப் போடுங்கள், அல்லது அறையை மாற்றுங்கள். பழைய உயரம் உதவாது. வெவ்வேறு விமான நிலையங்களில், வெவ்வேறு காற்றில், வெவ்வேறு வெயிலில் அவர் எப்படி அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார் என்ற கேள்வி அப்போதுதான் மனத்தில் உண்மையாக எழும்.

என் பேத்தி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சரியான உயரத்தைத் தேடித் தேடிச் சலித்துப்போனவள், காரை வேண்டுமென்றே கொஞ்சம் அதிக உயரத்திலிருந்து விட்டாள். அது தரையில் ஓடிவரும்போது பக்கத்திலேயே மண்டியிட்டு நகர்ந்து, காரின் கூரையை ஒற்றை விரலால் தடவுவது போலத் தொட்டாள். வேகம் குறைந்தது. விரலை எடுத்தாள், மறுபடி தொட்டாள். கார் நாணயத்தின் விளிம்பில் முகத்தை வைத்து நின்றது. "ஏமாற்றுகிறேனா, தாத்தா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. எஞ்சின் இல்லாமல் இறங்குகிற எந்த விமானியும் அதைத்தான் செய்கிறான். மிஞ்சிய உயரத்தையும் வேகத்தையும், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்பிறகுகளை இறக்கியோ, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டோ வீணடித்துவிடலாம். குறைந்துபோனதை யாரிடமும் கடன் வாங்க முடியாது. அதனால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே கையில் வைத்துக்கொண்டு வந்து, கடைசியில் விரல் நுனியால் குறைப்பது. அவள் அதை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தாள்.

வாழ்க்கையை எவ்வளவு சொல்வது

சுருக்கமாகச் சொல்லுங்கள். 1922 ஜனவரி 24 அன்று டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தார். பதின்ம வயதில் மளிகைக் கடையில் வேலை பார்த்த காசில் பறக்கக் கற்றார். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டியபோது, 1944 பிப்ரவரி 9 அன்று தெற்கு பிரான்ஸ் கரைக்கு அப்பால் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மனியின் பார்த் நகரில் இருந்த போர்க்கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடியும் தறுவாயில் அங்கிருந்து தப்பி, ஜெர்மானியர்களின் ஃபோக்கவுல்ஃப் 190 விமானம் ஒன்றையே எடுத்துக்கொண்டு நெதர்லாந்துக்குப் பறந்தார். 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்கச் சோதனை விமானி சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியபோது, துணை விமானத்தில் உடன் பறந்தவர்களில் ஹூவரும் ஒருவர். பிறகு சோதனை விமானி, பிறகு காட்சி விமானி. ரீனோ விமானப் பந்தயங்களில் பல ஆண்டுகள் மஞ்சள் நிற மஸ்டாங் விமானத்தில் முன்னே பறந்து பந்தயத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. 1990-களின் தொடக்கத்தில் அவருடைய மருத்துவத் தகுதிச் சான்றை அமெரிக்க அதிகாரிகள் ரத்து செய்தபோது, ஆஸ்திரேலிய உரிமம் பெற்று அங்கே பறந்தார். 1995-இல் அமெரிக்காவிலும் சான்று திரும்பக் கிடைத்தது.

இவ்வளவில் குழந்தைகளுக்கு நான் நிதானமாகச் சொல்வது வேறொன்று. பறக்கத் தொடங்கிய காலத்தில் ஹூவருக்கு விமானத்தில் குமட்டும். வயிறு பிரட்டி, தலை சுற்றும். அதைப் போக்கிக்கொள்ளத்தான் அவர் விமானத்தைச் சாய்க்கவும் சுழற்றவும் தொடங்கினார். உடம்பு பழகும்வரை கொஞ்சம், பழகியதும் இன்னும் கொஞ்சம். பேருந்தில் வாந்தி எடுக்கிற குழந்தை யாராவது வீட்டில் இருந்தால், அதன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லுங்கள்.

நேரில் பார்க்க முடிந்தால்

அந்த ஷ்ரைக் கமாண்டர் இப்போது வர்ஜீனியா மாநிலத்தின் சாண்டிலியில், டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தின் உட்வர்-ஹேஸி மையத்தில் இருக்கிறது. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. எல்லோரும் கான்கார்டையும் டிஸ்கவரி விண்ணோடத்தையும் நோக்கி ஓடுவார்கள். நீங்கள் நேராக ஷ்ரைக்கிடம் போங்கள். வாசலிலேயே பெட்டி ஸ்கெல்டனின் சிறிய பிட்ஸ் விமானம் தலைகீழாகத் தொங்குவதைப் பார்ப்பீர்கள். 1948 முதல் 1950 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெண்கள் சாகசப் பறத்தலில் வாகை சூடியவர் அவர். அவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போங்கள்.

ஷ்ரைக்கின் அருகே நின்று இறக்கையின் மேல் எரிபொருள் ஊற்றும் வாய் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த பகுதி அதைப் பற்றியது.

எரிபொருள் கதையைச் சொல்வது

இதை மாலையின் கடைசியில், தேநீரைக் குடித்துக்கொண்டே, யாரும் எழுந்து போகாத நேரத்தில் சொல்ல வேண்டும்.

பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு விமானப் பெட்ரோல் வேண்டும். நாங்கள் ஊற்றிய வகை இளநீல நிறத்தில் இருக்கும். ஜெட் எரிபொருள் என்பது அடிப்படையில் மண்ணெண்ணெய். கிட்டத்தட்ட நிறமற்றது, தொட்டால் எண்ணெய்ப் பசை இருக்கும். ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டால் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையம் விட்டுச் செல்லும். வீட்டில் எரிபொருளை வைத்து இதைச் செய்யாதீர்கள். ஒரு துளி தண்ணீரும் ஒரு துளி சமையல் எண்ணெயும் தாளில் விட்டுக் காட்டினால் போதும். கதை முடியும்போது தண்ணீர்த் துளி காய்ந்திருக்கும், எண்ணெய்க் கறை அப்படியே இருக்கும்.

ஒரு நாள், காட்சி ஒன்றை முடித்துவிட்டு ஹூவர் தம் ஷ்ரைக்கில் கிளம்பினார். அதே குடும்பத்தில், ஜெட் எரிபொருளில் ஓடும் டர்பைன் எஞ்சின் கொண்ட கமாண்டர் விமானங்களும் உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். எரிபொருள் நிரப்பிய இளைஞன் அதை டர்பைன் விமானம் என்று நினைத்து ஜெட் எரிபொருளை நிரப்பியிருந்தான். குழாய்களில் மிச்சமிருந்த பெட்ரோலில் எஞ்சின்கள் ஓடின, விமானம் எழும்பியது. சில நூறு அடி உயரத்தில் இரண்டு எஞ்சின்களும் அடங்கின. இந்த முறை அவர் அணைக்கவில்லை. இருந்த கொஞ்ச உயரத்தையும் வேகத்தையும் வைத்துக்கொண்டு மேடு பள்ளமான நிலத்தில் இறக்கினார். விமானம் பலத்த சேதமடைந்தது. உள்ளே இருந்த யாரும் சாகவில்லை.

விமான நிலையத்துக்குத் திரும்பி வந்த ஹூவர், குலைந்துபோய் நின்றிருந்த அந்த இளைஞனிடம் போனார். அவன் தோளை அணைத்துக்கொண்டார். நீ இனி ஒருபோதும் இந்தத் தவற்றைச் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு அடையாளமாக, நாளைக்கு என் மஸ்டாங்குக்கு நீதான் எரிபொருள் நிரப்ப வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அதன் பிறகு, ஜெட் எரிபொருள் குழாயின் முனையை அகலமாக்கி, பெட்ரோல் விமானத்தின் வாயைச் சிறு வளையத்தால் குறுக்கி, ஒன்று மற்றொன்றுக்குள் நுழையாதபடி செய்யும் ஏற்பாடு பரவியது. பெட்ரோல் விமானத்தின் வாய் 60 மில்லி மீட்டருக்கு மேல் அகலம் இருக்கக்கூடாது. ஜெட் குழாயின் முனை அதைவிட அகலம். அந்த முனையும் வளையமும் ஹூவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

நான் வேலை பார்த்த பறக்கும் பயிற்சிக் கழகம் ஒன்றில் இதே தவறு நடந்தது. இரட்டை எஞ்சின் விமானம். இரவுப் பணியில் நான் இறக்கையடியில் நடந்தபோது மண்ணெண்ணெய் வாடை வந்தது. வடிகாலைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்தேன், நீலம் வெளுத்துப்போயிருந்தது. விடியும்வரை இரண்டு இறக்கைகளையும் காலி செய்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிரப்பிய பையனுக்குப் பத்தொன்பது வயது. என் அருகிலேயே வாளியைப் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் நின்றான். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. காலையில் அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நானும் நின்றிருந்தேன். அந்த விமானத்தை இனி இவனைவிடக் கவனமாகத் தொடப்போகிறவன் வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஹூவர் அந்த இளைஞனிடம் சொன்னதை நான் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனின் எண்ணைத் தேடிப் பிடிக்க மூன்று மாதங்கள் ஆயின. இப்போது அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல்; விமானத்தோடு தொடர்பில்லாத வேலை. முதலில் என் குரலை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும், "அண்ணா, எப்படி இருக்கிறீர்கள்?" என்றான், நான் அவனுக்கு ஏதோ நன்மை செய்தவன் போல. அன்று பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இந்தக் கதையைச் சொன்னேன். எரிபொருள் மாறியது, எஞ்சின்கள் நின்றது, ஹூவர் திரும்பி வந்தது, தோளை அணைத்தது, நாளைக்கு நீதான் நிரப்ப வேண்டும் என்றது.

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்படியே சொன்னாரா, அண்ணா?"

"அப்படியேதான் சொன்னார்."

"இன்னொரு தடவை சொல்லுங்கள்."

முதலிலிருந்து மறுபடி சொன்னேன், மெதுவாக.